ராமேஸ்வரம் டூர் முடிச்சு திருப்பூர் திரும்பணும், ராத்திரியே கெளம்பலாமா?

பனியன்காரன்:

வணக்கமுங்க எல்லாருக்கும். அடுத்த மாசம் எங்க பங்காளி வீடு, மாமன் வீடு எல்லாம் சேந்து ராமேஸ்வரம் போலாம்னு முடிவாகி டெம்போ டிராவலர் பேசியாச்சு. பெருசுக நாலு, பொடுசுக அஞ்சு, மிச்சம் எங்க செட்டு. போறதுல ஒரு பிரச்சனையும் இல்லீங்க, திரும்பி வர்றதுல தான் ஒரு வாரமா வாட்ஸ்அப் குரூப்புல ரணகளம் நடந்துட்டு இருக்குது.

பிளான் என்னன்னா வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு கெளம்பறோம், சனி விடிய அங்க சேந்துருவோம். சனி அன்னிக்கு பாம்பன் பாலம், கலாம் அய்யா நினைவிடம், பக்கத்துல ஏதாச்சும் பீச்சு. ஞாயித்துக்கிழமை காலைல அக்னி தீர்த்தம், கோயிலுக்குள்ள 22 தீர்த்தம், சாமி கும்பிட்டுட்டு மத்தியானம் ரூம காலி பண்ணி தனுஷ்கோடி, அங்க சூரியன் உழுகறத பாத்துட்டு அப்படியே வண்டிய ஊருப்பக்கம் திருப்பறோம். திங்கக்கிழமை காலைல எட்டரைக்கு எங்கள்ல பாதிப்பேரு கம்பெனில இருக்கோணும்.

மச்சான் சொல்றான், ராத்திரி ரோடு ஃப்ரீயா இருக்கும், வெயில் இல்ல, பொடுசுக தூங்கிரும், லாட்ஜ் வாடகை ஒரு நாள் மிச்சம்னு. அம்மா சொல்றாங்க, ரெண்டு நாள் அலைஞ்சுட்டு ராத்திரி பூரா முட்டிய மடக்கி உக்காந்துட்டு வர என்னால ஆவாது, நான் வேணா அங்கயே இருந்துக்கறேன் நீங்க போங்கன்னு. ரெண்டு பேரு சொல்றதும் நியாயமாத்தான் தெரியுது, எனக்கு நடுவுல மண்டை காயுது. போயிட்டு வந்தவங்க, அந்தப் பக்கத்து ஆளுங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. இன்னொண்ணு, அம்மா கருவாடு வாங்காம வண்டி ஏறமாட்டாங்களாம், ஏசி வண்டில கருவாட கொண்டாந்தா என்ன ஆகும்னு அதையும் சொல்லிருங்க.


உச்சிப்புளியான்:

வாங்க வாங்க. நான் இங்கிட்டு ஆளு தான், வீட்டு வாசல்ல இருந்து பாத்தா ராமேஸ்வரம் போற ரோடு தெரியும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வேனும் பஸ்ஸுமா வரிசை கட்டி மதுரைப் பக்கம் போறத பாத்துக்கிட்டே தான் இருக்கோம்.

முதல்ல தனுஷ்கோடில சூரியன் மறையுறத நின்னு நிதானமா பாத்துட்டு கெளம்புறதுங்குற கதையே ஆகாது அண்ணே. கோயில்ல இருந்து அரிச்சல்முனை 20 கிலோமீட்டர் சொச்சம். பொழுது சாயுறதுக்கு முன்னாடியே போலீஸ் உள்ள விடுறத நிறுத்திருவாங்க, உள்ள இருக்கவங்களையும் விசில் அடிச்சு கெளப்பி விட்டுருவாங்க. அந்த நேரத்துல அம்புட்டு வண்டியும் ஒரே ரோட்டுல திரும்பும், அந்த ரோட்டுக்கு ஒரு பக்கம் ஆண் கடல் (அலை அடிக்குற பக்கத்த அப்படித்தான் சொல்லுவோம்), ஒரு பக்கம் பெண் கடல் (அலை அடங்குன பக்கம்), ஒதுங்கி முந்திப் போக வேற வழி கிடையாது. நடுவுல 1964 புயல்ல போன சர்ச்சு, ரயில்வே ஸ்டேஷன் இடிபாடு பாக்குறேன்னு பாதி வண்டி ஓரங்கட்டி நிக்கும். அப்புறம் தங்கச்சிமடம், பாம்பன் தாண்டி பாலம் ஏறணும். 2025 ஏப்ரல்ல புது ரயில் பாலம் திறந்ததுல இருந்து அந்த தூக்குப் பாலத்த போட்டோ எடுக்கணும்னு ரோட்டுப் பாலத்துலயே வண்டிய நிறுத்துறவங்க தொல்லை வேற. தயவுசெஞ்சு உங்க டிரைவர நிறுத்தச் சொல்லாதீங்க, மெதுவா போனாலே நல்லா தெரியும்.

ரோடு விஷயம் பாத்துக்கங்க. மதுரைல இருந்து பரமக்குடி வரைக்கும் தான் நாலு வழி. பரமக்குடில இருந்து ராமநாதபுரம் ரெண்டு வழி தான், நாலு வழி ஆக்க 2025ல தான் ஒப்புதலே குடுத்தாங்க. ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரமும் ரெண்டு வழி. ராத்திரில எதிர்ல வர்ற லைட்டு கண்ணுல அடிக்கும், ஓரம் பூரா கருவேல மரம், ஆடு மாடு எந்தப் பக்கத்துல இருந்து ஏறி வரும்னு சொல்ல முடியாது. உங்க மச்சான் சொல்ற ஃப்ரீ ரோடு மதுரைக்கு அங்கிட்டு தான்.


நைட்ரைடர்:

சும்மா பயமுறுத்தாதீங்க பாஸ். நாங்க ஃபிரண்ட்ஸ் எங்க டூர் போனாலும் ரிட்டர்ன் நைட்டு தான், ஒரு பகல் வேஸ்ட் ஆகாது, பாட்டு போட்டுட்டு அரட்டை அடிச்சுட்டே வந்தா தூரமே தெரியாது. டிரைவருக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, போதும். பெரியவங்களுக்கு கழுத்துக்கு வைக்கிற தலகாணி ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க. இதுக்குப் போயி ஒரு வாரம் சண்டையா.


ஸ்டியரிங்:

நான் வேன் ஓட்டுறவன். கொடைக்கானல், ராமேஸ்வரம், வேளாங்கண்ணின்னு பார்ட்டி ஏத்திட்டு போறது தான் பொழப்பு. பனியன்காரன் சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பிளான மூணு தடவ படிச்சேன். எல்லாரும் எப்ப சாப்பிடுவாங்க, எப்ப குளிப்பாங்க எல்லாம் இருக்கு. டிரைவர் எப்ப தூங்குவாருன்னு எங்கயும் இல்ல.

எண்ணிப் பாருங்க. வெள்ளி ராத்திரி முழுக்க ஓட்டுறாரு. சனிக்கிழமை காலைல நீங்க ரூமுக்குப் போய் குளிச்சு ஒரு குட்டித்தூக்கம் போடுவீங்க, அவரு வண்டிய பார்க்கிங் பாத்து போட்டுட்டு சீட்டச் சாய்ச்சு படுப்பாரு, எட்டு மணிக்கே அந்த வெயில்ல வண்டி அடுப்பு மாதிரி ஆயிரும், கதவ தொறந்தா ஈயி, சாத்துனா வேர்வை. அதுக்குள்ள போன் வரும், அண்ணே வண்டிய எடுங்க பாம்பன் போகணும்னு. சனி ராத்திரி ஒண்ணு தான் அவருக்கு தூக்கம், அதையும் எங்கன்னு யாரும் எழுதல. வண்டிக்குள்ளயே படுத்தா கொசு. ஞாயிறு காலைல இருந்து மறுபடி கோயில், ஹோட்டல், தனுஷ்கோடின்னு சுத்திட்டு ராத்திரி 350 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும். 1961ல போட்ட மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு இருக்கு, பொதுவா ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைங்குது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல விடக்கூடாது, நடுவுல அரை மணி நேரமாச்சும் ஓய்வு குடுக்கணும்ங்குது. டூர் வண்டில இத யாரு பாக்குறா, ஓனரும் கேக்க மாட்டாரு, பார்ட்டியும் கேக்க மாட்டாங்க, நாங்களும் வாய தொறந்தா அடுத்த டிரிப்புக்கு கூப்பிட மாட்டாங்க.

நைட்ரைடர் தம்பி, டீ தூக்கத்த தள்ளிப் போடும், போக்காது. ராத்திரி ரெண்டு மணில இருந்து அஞ்சு மணி வரைக்கும் உடம்பு தானா அணையுற நேரம். கண்ணு தொறந்து தான் இருக்கும், ஸ்டியரிங்கும் கையில தான் இருக்கும், ஆனா கடைசியா தாண்டுன ஊரு எதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. பாட்டு, அரட்டை எல்லாம் மதுரை வரைக்கும் தான் இருக்கும், அதுக்கப்புறம் பின்னாடி ஒருத்தர் பாக்கி இல்லாம கொறட்டை. உங்க பிளான்படி ஏழரைக்கு ராமேஸ்வரத்துல எடுத்தா சாப்பாட்டோட சேத்து மதுரை தாண்ட பன்னெண்டு ஆகும், திண்டுக்கல் ஒண்ணரை, ஒட்டன்சத்திரம் தாராபுரம் ரோட்டுல இருக்கும்போது கரெக்டா அந்த ரெண்டு மணி, மூணு மணி. நாலு வழி ரோட்ட விட்டு எறங்கி சின்ன ரோட்டுக்கு வர்ற இடம் அது.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. தனுஷ்கோடில ரெண்டு மணி நேரம் வண்டி நின்னாலே முன் கண்ணாடில உப்புப் படியும். பகல்ல தெரியாது. இருட்டுனதும் எதிர்ல ஒரு லாரி லைட்டு போட்டா கண்ணாடி பூரா வெள்ளையா பூத்துரும், வைப்பர போட்டா இன்னும் இழுவிக்கிட்டு மோசமாகும். ராமேஸ்வரம் வந்ததும் நல்ல தண்ணில கண்ணாடியக் கழுவி துணி போட்டுத் துடைக்கணும், அதுக்கு பத்து நிமிஷம் டிரைவருக்கு விடுங்க.

நான் சொல்றது இதுதான். பிளான அப்படியே திருப்பிப் போடுங்க. தனுஷ்கோடிய சனிக்கிழமை மத்தியானத்துக்கு கொண்டு போயிருங்க. ஞாயிறு காலைல கோயில் மட்டும். வெள்ளன தீர்த்தத்துக்கு போயிட்டா பதினோரு மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், பன்னெண்டுக்கு வண்டிய எடுத்தா ரெண்டு எடத்துல நின்னு வந்தாலும் ராத்திரி ஒம்போது மணிக்கு திருப்பூர்ல அவங்கவங்க வீட்டுக் கட்டில்ல. லாட்ஜ் வாடகையும் மிச்சம் தான், உங்க மச்சான்கிட்ட அதயும் சொல்லுங்க. அதே மாதிரி ராமேஸ்வரம் போகும்போதும் வெள்ளி ராத்திரி சாப்பிட்டதும் கெளம்பாம சனி வெடிகாலைல மூணு நாலு மணிக்கு எடுங்க, டிரைவர் ராத்திரி வீட்டுல தூங்கிட்டு வருவாரு. சனி ராத்திரி அவருக்கு ஒரு கட்டில், ஒரு ஃபேன். பேட்டா குடுக்குறோம்ல அதுல அவரே பாத்துக்கட்டும்னு விட்டுறாதீங்க, அந்தக் காச வீட்டுக்கு கொண்டு போகணும்னு நாங்க வண்டிலயே தான் படுப்போம்.


பனியன்காரன்:

ஸ்டியரிங் அண்ணா, இந்தப் பக்கமே யாரும் யோசிக்கலீங்க. அப்படியே காப்பி பண்ணி குரூப்புல போட்டுட்டேன், மச்சான் படிச்சுட்டான்னு ப்ளூ டிக் காட்டுது, பதில் இன்னும் வரல. அம்மாவுக்கு படிச்சுக் காட்டுனேன், அந்த டிரைவர் தம்பி நல்லா இருக்கோணும்னாங்க.

பகல்ல வந்தா வெயிலு, பொடுசுக வாந்தி, அது எப்படி சமாளிக்கறது? எங்க சின்னவளுக்கு பல்லடம் தாண்டுனாலே வாந்தி.


கீழக்கரை மருமக:

என் மாமியார் வீட்டு ஆளுக எங்க போனாலும் ஒரு பஸ் நெறைய தான் போவாக, அதுனால நான் சொல்லலாம்.

வாந்திக்கு மாத்திரை வண்டி ஏறுற நேரத்துல குடுத்தா வேலைக்காகாது, ஒரு மணி நேரம் முன்னாடியாச்சும் உள்ள போகணும், பிள்ளைக்கு எவ்வளவுன்னு ஊருல டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி வச்சுக்கங்க. அதவிட முக்கியம் உக்கார்ற இடம். வர்றப்ப யாரு எங்க உக்காந்தாகளோ அதே சீட்டு தான் எனக்குன்னு திரும்புறப்பவும் பிடிச்சுக்குவாக, டூர்ல பாதி மனஸ்தாபம் இதுல தான். கடைசி வரிசை தூக்கிப் போடும், அங்க வாந்தி எடுக்குற பிள்ளையையும் முட்டி வலிக்காரங்களையும் போடாதீங்க. சின்னவள முன்பக்கமா, ரோடு பாக்குற மாதிரி உக்கார வைங்க, கையில போனக் குடுக்காதீங்க, போனக் குனிஞ்சு பாத்தா வாந்தி நிச்சயம். உங்க அம்மாவ நடைபாதைப் பக்கம் உக்கார வச்சா கால நீட்டிக்கலாம். இத கெளம்புறதுக்கு முந்தின நாளே குரூப்புல போட்டு சண்டைய அங்கயே முடிச்சுக்கங்க.

ஈரத்துணி. இத யாரும் யோசிக்கவே மாட்டாக. 22 தீர்த்தமும் ஆடிட்டு வந்தா ஆளுக்கு ஒரு செட்டு சொட்டச் சொட்ட இருக்கும், ஈரத்தோட மூலஸ்தானத்துக்கு விடமாட்டாங்க, மாத்திட்டு தான் போகணும். அந்த ஈரத்த எல்லாம் ஒரே பையில திணிச்சு ஏசி வண்டில வச்சீங்கன்னா பரமக்குடி வர்றதுக்குள்ள ஊறுன வாடை வந்துரும், கம்பில காயப்போட்டா முன்னாடி உக்காந்திருக்கவுக தலையில சொட்டும். கடல்ல குளிச்ச துணிய நல்ல தண்ணில ஒரு தடவ அலசிப் பிழிஞ்சு, மேல கேரியர்ல ஒரு சாக்குல கட்டிருங்க. பிள்ளைகளையும் அக்னி தீர்த்தத்துல இருந்து அப்படியே ஏத்தாதீங்க, உப்பு காஞ்சு உடம்பு பூரா அரிக்கும், வழி நெடுக அழுகை தான்.

பொம்பளைங்களுக்கு பாத்ரூம் பெரிய விஷயம். ஆம்பளைங்க எங்கயாச்சும் வண்டிய ஓரங்கட்டிருவீங்க, நாங்க தண்ணி குடிக்காம வருவோம், வயசானவுக அப்படி வந்தா கால் வீங்கிரும், மயக்கம் வரும். ராமநாதபுரத்துல ஒரு நல்ல ஹோட்டல் பாத்து நிறுத்துங்க, அடுத்து திருப்பாச்சேத்தி டோல்கேட்டு, அப்புறம் மதுரை தாண்டி பெரிய பங்க்கு எதுலயாச்சும். நிறுத்துற இடத்த முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா அவுகளும் தைரியமா தண்ணி குடிப்பாக. பகல் பயணத்துக்கு நான் ஓட்டுப் போடுறது இதுக்காகவும் தான், ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டோரம் எந்தப் பாத்ரூம நம்பிப் போறது.

கணக்கு வழக்க வண்டில வச்சு பேசாதீங்க, களைச்சுப் போய் இருக்கப்ப அம்பது ரூவாய்க்கு அத்தை மாமா உறவு முறிஞ்சு போகும். ஊருக்குப் போய் ரெண்டு நாள் கழிச்சு பாத்துக்கங்க.

தொதல் வாங்கணும்னு ஆசை இருந்தா மட்டும் கீழக்கரை வாங்க, தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டு கிண்டுறது, ரெண்டு மூணு நாள் தாங்கும். ஆனா ராமநாதபுரத்துல இருந்து தெக்கால திரும்பி வந்து போகணும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஞாயிறு அன்னிக்கு வேண்டாம்.


ரயில்பித்தன்:

பெருசுகள மட்டுமாவது ரயில்ல அனுப்பலாமே? கால நீட்டலாம், பாத்ரூம் பிரச்சனை கிடையாது, புதுப் பாலத்து மேலயே போலாம். ராமேஸ்வரத்துல இருந்து மதுரைக்கு பாசஞ்சர் இருக்கு, மதுரைல இருந்து திண்டுக்கல், கரூர், ஈரோடு வழியா திருப்பூர் போற எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். மாத்தி ஏறணும், டைம் ஒத்து வருதான்னு பாத்துக்கங்க.


பனியன்காரன்:

மாத்தி ஏறறது அம்மாவுக்கு ஆவாதுங்க. ஆனா ரயில்ல பாலத்து மேல போலாம்னு சொன்னதும் பொடுசுக எல்லாம் ஒரே கத்தல், சனிக்கிழமை அன்னிக்கு மண்டபத்துல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மட்டும் ஏத்தி விட்டு வண்டிய அந்தப் பக்கம் வரச் சொல்லலாமான்னு யோசிக்கறோம்.

கருவாடு பத்தி யாரும் சொல்லலீங்களே.


உச்சிப்புளியான்:

வந்துட்டேன் வந்துட்டேன். கருவாடு பாம்பன்லயோ மண்டபத்துலயோ பாத்து வாங்குங்க. நெத்திலி எடுத்து ஒடிச்சுப் பாருங்க, படக்குன்னு ஒடியணும், வளைஞ்சா ஈரம் இருக்குன்னு அர்த்தம், வாடை அதுல தான் கூட வரும், ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள பூசணம் பிடிச்சாலும் பிடிக்கும். பெரிய துண்டுக் கருவாடுன்னா அழுத்திப் பாருங்க, மெத்துன்னு இருந்தா வேண்டாம்னு வச்சுட்டு வந்துருங்க. நியூஸ் பேப்பர்ல ரெண்டு சுத்து, அதுக்கு மேல பிளாஸ்டிக் கவர், அதையும் இறுக்கமா மூடுற எவர்சில்வர் தூக்குல வச்சு மூடி கேரியர்ல கட்டிருங்க. சீட்டுக்கு அடியில மட்டும் வச்சிராதீங்க, ஏசி வண்டில அந்தக் காத்தே தான சுத்திச் சுத்தி வருது, அந்தச் சின்னப் பிள்ளை வாந்திக்கு மாத்திரை போட்டும் பிரயோஜனம் இல்ல. அம்மாகிட்ட எங்க ஊரு முண்டு மிளகாயும் வாங்கச் சொல்லுங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்குனது, உருண்டையா குண்டா இருக்கும், கருவாட்டுக் குழம்புக்கு அது தான் சேரும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிருங்க. பொடுசுக கடற்கரைல பவளப்பாறைத் துண்டு பொறுக்கி பையில போட்டுக்கும், யாராச்சும் ரகசியமா விலைக்கும் குடுப்பாங்க. தொடவே தொடாதீங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவச் சேத்து 1986லயே தேசியப் பூங்காவா அறிவிச்சாச்சு, பவளம், கடல் அட்டை, சில வகைச் சங்கு சிப்பி எல்லாம் 1972 வனவிலங்கு சட்டத்துல புலிக்குச் சமமான பட்டியல்ல இருக்கு. செத்து ஒதுங்குன துண்டு தானன்னு சொன்னாலும் செக்கிங்ல கேக்க மாட்டாங்க, மொத்த வண்டியும் நிக்கும்.


பனியன்காரன்:

சொல்லிர்றேனுங்க. மச்சான் பதில் போட்டுட்டான், ஞாயிறு பன்னெண்டு மணிக்கே கெளம்பலாமாம், ஆனா தனுஷ்கோடிய மாத்துனது அவன் ஐடியான்னு குரூப்புல போட்டிருக்கான், போகட்டும் விடுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு ராமேஸ்வரத்துலயே முடிச்சுட்டு ஏறலாமா, இல்ல வழில பாத்துக்கலாமாங்க?


ஸ்டியரிங்:

ராமேஸ்வரத்துல முடிச்சா ஞாயித்துக்கிழமைல ஹோட்டல்லயே ஒரு மணி நேரம் போயிரும். பார்சல் கட்டிக்கிட்டு ராமநாதபுரம் பக்கம் நெழல் பாத்து நிறுத்திச் சாப்பிடுங்க, இல்லன்னா பரமக்குடில போய் உக்காருங்க. டிரைவருக்கு மட்டும் ஃபுல் மீல்ஸ் போட்டுறாதீங்க, சாப்பிட்டதும் மத்தியான வெயில்ல கண்ணு சொக்கும், கொஞ்சமா சாப்பிட வச்சு இருபது நிமிஷம் படுக்க விட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க. முன்சீட்டுல அவரு கூட பேச்சுக் குடுக்குற ஆளா ஒருத்தர உக்கார வைங்க, உங்க மச்சான் தூங்காம வருவாருன்னா அவரே உக்காரட்டும்.


உச்சிப்புளியான்:

டிரைவருக்கு ரூம் விஷயத்த லாட்ஜ் புக் பண்ணும்போதே போன்ல கேட்டுருங்க அண்ணே, தங்க இடம் இருக்கா, வேன் நிறுத்த உள்ள இடம் இருக்கா ரெண்டும். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு கவுண்டர்ல போய் நின்னு கேட்டா இருந்தாலும் இல்லைன்னு தான் சொல்லுவாங்க. தேதிய முடிவு பண்றதுக்கு முன்னாடி காலண்டர்ல அமாவாசை எப்பன்னும் ஒரு தடவ பாத்துக்கங்க, ஆடி அமாவாசை தை அமாவாசை மாதிரி நாள்ல வந்து மாட்டுனீங்கன்னா பன்னெண்டு மணிக்கு கோயில விட்டே வெளிய வந்துருக்க மாட்டீங்க.